பனி கொட்டும் மலையில் மீன்கள் குளிர்காலத்தை எப்படிக் கழிக்கின்றன?

டோக்கியோவில் புல்லட் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் நாகவோகா. ஜனவரியில் போகிறவர்களுக்கு வழியில் ஒரு வேடிக்கை காத்திருக்கும். டாய்-ஷிமிசு சுரங்கத்துக்குள் நுழையும்வரை பெரும்பாலும் நல்ல வெயில். 22 கிலோமீட்டர் இருட்டைத் தாண்டி வெளியே வந்தால், ஊரே வெள்ளை! ஜப்பான் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, பனியை எல்லாம் இந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. அருகிலுள்ள யமகோஷி, ஓஜியா மலைகளில் 3 மீட்டர் பனி கூடச் சேரும்.

நம் ஊர் ஹோட்டல் தொட்டிகளில் நீந்தும் வண்ண வண்ணக் 'கோய்' மீன்களின் பிறந்த வீடு இதுதான். பனியில் பாதை அடைபட்டால் சாப்பாட்டுக்கு ஆகுமே என்று, நெல் வயலை ஒட்டிய குளங்களில் கறுப்புக் கெண்டை வளர்த்தார்கள் இங்குள்ள விவசாயிகள். சுமார் 200 வருடங்களுக்கு முன்பு அவற்றில் சில சிவப்பும் வெள்ளையுமாகப் பிறக்க, குழம்பில் போட மனசு வராமல் தனியாக வளர்த்திருக்கிறார்கள். 1914-ல் டோக்கியோ கண்காட்சிக்குப் போன பிறகுதான் வெளியுலகத்துக்கு இந்த மீன்களைத் தெரிந்தது.

கோடையில் மலைமேல் உள்ள சேற்றுக் குளங்களில் மீன்கள் கொழுக்கும். அக்டோபர் பிறந்ததும் வலைபோட்டுப் பிடித்து, கீழே கூரை போட்ட தொட்டிகளுக்கு மாற்றிவிடுவார்கள்.

தொட்டி கட்ட வசதியில்லாமல், கொல்லைப்புறக் குளத்திலேயே மீன் வளர்ப்பவர்கள்? அவர்களைக் காப்பாற்றுவது தண்ணீரின் ஒரு விசித்திர குணம். 4 டிகிரியில்தான் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம். அதனால் அந்தத் தண்ணீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறையும். குளம் மூன்று, நான்கு அடி ஆழம் இருந்தால், மீன்கள் அடியில் அசையாமல் கிடந்தே குளிர்காலத்தை ஓட்டிவிடும். 10 டிகிரிக்குக் கீழே போனால் தீனியை நிறுத்திவிட வேண்டும். அந்தக் குளிரில் அவற்றுக்குச் செரிக்காது.

உண்மையில் மீன்களுக்கு எமன், குளம் முழுக்க மூடிக்கொள்ளும் ஐஸ்தான். அடியில் அழுகும் இலைகளின் வாயு வெளியேற வழியிருக்காது. அதற்காகச் சுத்தியலால் உடைக்கக் கூடாது. அந்த அதிர்ச்சியே மீனைக் கொல்லலாம். கொதிக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தை ஐஸ் மேல் வைத்தால் அது மெல்ல உருகி ஓட்டை விழும். காற்று பம்பின் குழாயையும் அடியில் விடாமல் சற்று மேலே தூக்கி வைப்பார்கள். இல்லையென்றால் அடியிலுள்ள வெதுவெதுப்பு கலைந்துவிடும். கனடாவில் குளம் வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு இதை ஃபார்வேர்டு செய்யலாம்!

2004 அக்டோபர் 23 மாலை, மீன்களைக் கீழே இறக்கும் அதே பருவத்தில், 6.8 ரிக்டர் நிலநடுக்கம் இந்த மலையைப் புரட்டிப் போட்டது. சாலைகள் சரிந்தன, குளங்கள் உடைந்தன, கரன்ட் இல்லை. யமகோஷி மக்கள் 2,000-க்கும் மேற்பட்டோர் ஹெலிகாப்டரில் வெளியேற்றப்பட்டார்கள். பனிக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. தாய் மீன்கள் செத்தால் பல தலைமுறை உழைப்பும் அத்தோடு போச்சு. அதனால் பிழைத்த மீன்களையும் ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். அந்தக் குளிர்காலத்தில் பனியும் கடுமையாகவே கொட்டியது. பலர் ஊர் திரும்ப 2007 ஆனது.

குளிர்காலத்தில் போனாலும் ஓஜியாவின் 'நிஷிகிகோய் நோ சாத்தோ' மீன் காட்சியகத்தில் உள்ளரங்கக் குளம் இருக்கிறது. மலைக்குளத்தில் வலை வீசுவதைப் பார்க்க ஆசையா? அக்டோபருக்கு டிக்கெட் போடுங்கள்.