துருவும் பட்டியும்

கடலூர் முதுநகரில் வீசும் காற்றில் எப்போதும் உப்பு கலந்திருக்கும். அங்கே துருப்பிடிக்காத சன்னல் கம்பியைக் காண்பது அரிது. 2010ஆம் ஆண்டு நாம் அப்பகுதியில் பங்குப்பணி ஏற்றபோது, ஓய்வுபெற்ற லேத்துப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் வீட்டுக் கொல்லையில், கீற்றுக் கொட்டகையின்கீழ், பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று சக்கரங்களின்றிச் செங்கற்களின்மேல் நிற்கக் கண்டோம்.

இன்றைய இளைஞர் பலர் அவ்வண்டியை அறியார். 1959இல் இங்கிலாந்தில் பிறந்து, 1961 முதல் நம் சென்னையிலேயே உருவானது அது. வடிவம் தந்தவர் மிச்சலோட்டி என்னும் இத்தாலியர். எஞ்சின் 948 சி.சி. முன்மூடி, மட்கார்டுகளோடு சேர்ந்து முழுதாய் முன்பக்கம் சாய்ந்து திறக்கும். அடிச்சட்டத்தின்மேல் உடற்பகுதிகளைத் தனித்தனியே போல்ட்டால் முடுக்கியிருப்பர். ஆதலின் ஒவ்வொன்றாய்க் கழற்றி வீட்டிலேயே செப்பனிட இயலும். அவரும் அவருடைய இளைய மகனும் மாலைதோறும் அதனோடு போராடினர். சென்னைப் புதுப்பேட்டைவரை சென்று உதிரிபாகம் தேடினர். கிடைக்காதவற்றை அவரே கடைந்துகொண்டார்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைச் சூறையாடியது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அவருடைய கொட்டகையும் பறந்தது. தீட்டிச் சுத்தம் செய்த தகடுகள் மீண்டும் துருவேறின. நிவாரணப் பணியில் அலைந்துகொண்டிருந்த நாம், கோயில் முற்றத்தில் பலர் முன்னிலையில் அவரை நோக்கி, “ஊரே கூரையின்றி நிற்கிறது, அந்தப் பழைய இரும்பை எடைக்குப் போட்டு நாலு வீட்டுக்குக் கீற்று வாங்கித் தரலாகாதா?” என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. அதன்பின் திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் அமர்வார். முடிந்ததும் நம் முகம் காணாமல் போய்விடுவார். நாமோ நீதியைப் பேசியதாகவே எண்ணியிருந்தோம்.

சில மாதங்கள் கழித்து, நோயாளி ஒருவருக்கு நற்கருணை வழங்கித் திரும்பும் வழியில் அவ்வீட்டுக் கொல்லையிலிருந்து குரல் கேட்டது. “மேலே பட்டி போட்டுப் பெயின்ட் அடிச்சா ஆறு மாசம் பளபளக்கும். துரு உள்ளே தின்னுக்கிட்டே இருக்கும். நல்ல தகடு தட்டுப்படுற வரைக்கும் வெட்டுடா.” மகன் தலையசைத்து, அழுகிய தகட்டை வெட்டினான்.

வாசலில் நின்ற அவருடைய மனைவி தாழ்ந்த குரலில் சொன்னார்: “படிப்பை விட்டுட்டுக் குடிக்க ஆரம்பிச்சான் சாமி. ரெண்டு வருசம் அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசல. இந்த வண்டிதான் ரெண்டு பேரையும் ஒரே இடத்துல உக்கார வெச்சுது. ஸ்பேனரைக் கேக்கவாவது வாய் திறக்கணுமில்ல?”

நாம் எதை விற்கச் சொன்னோம் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது. ஆயினும் மன்னிப்புக் கேட்கத் துணிவின்றித் திரும்பினோம். 2014இல் சிதம்பரம் பகுதிக்கு மாற்றலாகி வந்தபோதும் கேளாமலே வந்தோம்.

2019இல் ஒரு மாலை, பங்கு இல்லத்தின்முன் வெளிர்நீல ஹெரால்டு ஒன்று வந்து நின்றது. கடலூரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஓட்டி வந்தவன் மகன். “மந்திரிச்சுக் குடுங்க சாமி” என்றார் தந்தை. தீர்த்தச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, பழைய கடனை முதலில் தீர்த்தோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்பு, “அன்னைக்கு ரொம்ப வலிச்சுது சாமி” என்றார். “பரவாயில்லை” என்று பட்டி பூசி மறைக்காத அந்தச் சொல்லுக்கு இன்றும் நன்றியுடையோம்.

மந்திரித்தபின் நம்மையும் ஏற்றிக்கொண்டனர். தில்லையின் தேரோடும் வீதிகள் நான்கையும் வண்டி நிதானமாய்ச் சுற்றி வந்தது. பின்னிருக்கையிலிருந்து, “கியரை மாத்துடா” என்றார் தந்தை. “தெரியும்ப்பா” என்றான் மகன்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருக்கையில், எதிரில் மண்டியிட்டவர் பேசி முடிக்குமுன் நம் நாவில் அறிவுரை திரண்டுவிடுவதுண்டு. அப்போதெல்லாம் அந்தக் கொல்லையை நினைத்துக்கொள்கிறோம்; வாய்மூடி, இன்னும் சிறிது நேரம் கேட்கிறோம்.