“இன்னொரு முறை சொல்லுங்கள்!”

வாசகர்களே, சுபாங் விமான நிலையத்தை அறியாத குடும்பம் நம்மில் குறைவு. 1965ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அது, 1998இல் சிப்பாங்கில் புதிய நிலையம் வரும்வரை கோலாலம்பூருக்கே வாசலாக இருந்தது. தமிழகம் செல்லும் உறவினரை வழியனுப்பி, அங்கே கண்கலங்கி நின்றவர்கள் எத்தனை பேர்!

அந்த ஓடுபாதையின் ஒரு முனைக்கு 15 என்றும் மறுமுனைக்கு 33 என்றும் எண். தென்கிழக்கிலிருந்து வந்து இறங்கினால் அது 33. அந்தப் பக்கம்தான் பூச்சோங் இருக்கிறது. ஒரு காலத்தில் ஈயக்குட்டைகளும் ரப்பர்த் தோட்டங்களுமாக இருந்த ஊர். இன்று வீடுகளும் கடைகளுமாக நிறைந்துவிட்டது. அங்கே ஒரு குன்றில் நடந்த துயரத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஒரு விஷயம். விமானம் இறங்குவது கடைசி நிமிடத்து வேலை என்று நினைக்காதீர்கள். எந்தப் பாதை, எந்த இடத்தில் எத்தனை அடி உயரம், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் எப்படி மேலே திரும்புவது என்றெல்லாம் விமானிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். ஆனால் காற்று திசை மாறலாம். ஒரு கருவி பழுதாகலாம். உடனே கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வேறோர் உத்தரவு வரும். போட்ட திட்டம் அத்தனையும் வீண்! வண்டியைப்போல ஓரமாக நிறுத்தி யோசிக்க ஆகாயத்தில் இடம் ஏது?

1989 பிப்ரவரி 19. பொழுது விடியாத நேரம். சிங்கப்பூரிலிருந்து ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று, போயிங் 747, சுபாங்கை நெருங்கியது. உள்ளே நான்கு பேர். எந்த முறையில் இறங்குவது என்பதில் விமானி அறையில் தெளிவான முடிவு இல்லை. கோபுரம் கொடுத்ததோ சாதாரண வானொலிக் கம்பத்தை வைத்து 33இல் இறங்கும் முறை. அது திசையை மட்டுமே காட்டும்; உயரத்தைக் காட்டாது. உயரத்தை விமானிகளே வரைபடத்தைப் பார்த்துக் காக்க வேண்டும்.

அப்போது கோபுரம் ஆங்கிலத்தில், “டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ” என்றது. 2,400 அடிக்கு இறங்கு என்பது பொருள். ஆங்கிலத்தில் ‘டூ’ என்றால் இரண்டு. ‘வரை’ என்பதற்கும் அதே ‘டூ’தான். விமானியின் காதில், 400 அடி வரை இறங்கு என்று விழுந்தது. “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று பதில் சொன்னார். கோபுரத்தில் அதைத் திருத்துவார் இல்லை. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி கத்தியும் விமானம் மேலே எழவில்லை. பூச்சோங் குன்றில் மோதியது. நால்வரும் மாண்டனர். ஒரே ஒரு சொல்லில் 2,000 அடி போய்விட்டது!

இன்று உலக விதிப்படி அந்த உயரத்தை “டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்” என்று ஆயிரமும் நூறுமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கோபுரம் கவனித்துக் கேட்டு, பிழை இருந்தால் திருத்த வேண்டும்.

எதிர்பாராத உத்தரவு வந்தால் நல்ல விமானி என்ன செய்வார் தெரியுமா? ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் புதிய வரைபடத்தை எடுப்பார். அந்த இடத்தில் இதற்குக் கீழே போகக்கூடாது என்ற உயரத்தை இருவரும் சரிபார்ப்பார்கள். கேட்டதும் வரைபடமும் ஒத்துப்போகாவிட்டால், இன்னொரு முறை சொல்லுங்கள் என்பார். நேரம் போதாவிட்டால், “அனேபிள்”, அதாவது இயலாது என்று சொல்லி, வட்டமிட்டுக் காத்திருக்க அனுமதி கேட்பார். அப்படிச் சொல்ல விமானிக்கு உரிமை உண்டு. யாரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை.

நாமோ பெரட்டில் தண்டல் சொன்னது புரியாவிட்டாலும் தலையாட்டிப் பழகியவர்கள். மருத்துவமனையில் மருந்தின் அளவு சரியாகக் காதில் விழாவிட்டாலும், திரும்பக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று வாய்மூடி வந்துவிடுகிறோம். மாத்திரை ஒன்றா, இரண்டா என்ற சந்தேகம் வீடுவரை வருகிறது.

அடுத்த முறை பூச்சோங் வழியாகப் போகும்போது, சுபாங்கை நோக்கி இறங்கும் விமானத்தை அண்ணாந்து பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அத்தனை படித்த விமானியே திரும்பக் கேட்கிறார் என்று சொல்லிக் கொடுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை; கேளாமல் தலையாட்டுவதில்தான் ஆபத்து.