மன்றத்து ஹால்

எங்கள் தெரு மன்றத்துக்கு இருப்பது ஒரே ஒரு ஹால். மதுரை செல்லூரில், ஒரு ஆட்டோ உள்ளே நுழைந்தால் எதிரே வரும் பைக் யார் வீட்டு வாசலிலாவது ஒதுங்க வேண்டிய தெரு. கீழே பால் கடை, மேலே ஹால், அதற்கு மேலே மொட்டை மாடி. கேரம் போர்டும் தினசரிப் பேப்பருமாக ஆரம்பித்த மன்றம் இது. இப்போது செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் சிலம்பம், ஞாயிறு காலை ஓவியம். சிலம்பத்துக்கு மாதம் இருநூறு ரூபாய், ஓவியத்துக்கு நூறு. கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்பதில்லை. கணக்கு எழுதுவது நான். சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிறவன் என்றால் எக்செல் ஷீட் எல்லாம் அவன் தலையில்தான்.

சிலம்பத்தை ஹாலுக்குள் ஆடமுடியாது. வளைந்துபோன ஃபேன் இறக்கையைப் பார்த்தாலே காரணம் புரியும். கம்பென்றால் சாதாரணமாக ஆள் நின்றால் நெற்றி உயரம் இருக்கும். அதைச் சுழற்ற நாலு பக்கமும் இடம் வேண்டும். அதனால் மாடி. மழை வந்தால் மட்டும் கீழே இறங்கி, கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெறும் காலடி பழகுவார்கள். கம்பைவிடக் காலடிதான் கஷ்டம். ஆறு மாதமாக அதிலேயே நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பிள்ளை வளர வளர கம்பு குட்டையாகிவிடும். குட்டையான கம்பு அடுத்த பிள்ளைக்குப் போகும், பழைய பாடப்புத்தகம் மாதிரி. நான் சின்ன வயதில் போன கராத்தே வகுப்பில் வளர்ச்சியைக் காட்டியது பெல்ட். கராத்தேக்கே அது ஜூடோவிலிருந்து வந்த பழக்கம். ஒவ்வொரு கலருக்கும் ஒரு டெஸ்ட், ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு ஃபீஸ். இங்கே நெற்றிக்கு எட்டாத கம்பே போதுமான சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி நினைப்பது எனக்குச் சுலபம், மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுகிறது. சில வருடங்களுக்கு முன் தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதன்பிறகு மன்றத்துப் படியேறி வரும் பெற்றோர்களின் கேள்வியே மாறிவிட்டது. முன்பெல்லாம் "பிள்ளைக்கு அடிகிடி படுமா?" இப்போது "எந்த சர்டிஃபிகேட் செல்லும் மாஸ்டர்?" தெருமுனைப் போட்டியில் வாங்கிய கோப்பை இதற்கு உதவாது என்று மாஸ்டர் பொறுமையாக விளக்குவார். தறி ஓட்டுகிற, லோடு ஆட்டோ ஓட்டுகிற அப்பா அம்மாக்கள். அவர்கள் கேட்பதில் என்ன தப்பு?

போன வருடம் மாஸ்டர், ஞாயிறு காலையும் மாடி வேண்டும் என்றார். மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி. மாடியில் முப்பத்தெட்டு பேர் காலை வீசிப் பழகினால் கீழே ஹாலில் சுண்ணாம்பு உதிரும். ஈரம் காயாத வாட்டர் கலரில் அது விழுந்தால் படம் அவ்வளவுதான். ஆக, ஓவியம் இடத்தைக் காலி பண்ண வேண்டும். என் எக்செல் ஷீட்டும் அதைத்தான் சொன்னது: அங்கே முப்பத்தெட்டு, இங்கே ஒன்பது.

கமிட்டியில் நான் ஓவியத்துக்காகப் பேசினேன், நீளமாகவே. மார்க் இல்லாமல், பரிசு இல்லாமல், ஒரு பிள்ளை அசிங்கமாக ஒரு யானை வரைந்துவிட்டுச் சிரிக்கிற இடம் இந்தத் தெருவில் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். டிராயிங் சார்தான் சிரித்தார்.

"தம்பி, நானும் சர்டிஃபிகேட்டுக்காகத்தான் வரைய ஆரம்பிச்சேன்."

அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், பிறகு ஹையர், அதற்கப்புறம் டிடிசி. ஓவிய ஆசிரியர் வேலைக்கு அதுதான் வழி. அவர் அப்பா வாங்கிக்கொடுத்த முதல் டிராயிங் போர்டு அந்தப் பரீட்சைக்கு. வேலை கிடைத்தது 2012-இல், அரசுப் பள்ளிகளில் பதினாறாயிரத்துச் சொச்சம் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது. வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். படிப்படியாக ஏறி 12,500 ஆனது. மே மாதம் மட்டும் சம்பளம் கிடையாது என்றிருந்தது. எங்கள் மன்றத்தின் கோடை ஓவிய வகுப்பு தினமும் நடப்பது அந்த மே மாதத்தில்தான்.

"வேலைக்குன்னு கத்துக்கிட்டதுதான். வேலை என்னமோ அரைநாளோட முடிஞ்சிருது. கை சும்மா இருக்க மாட்டேங்குது, என்ன செய்ய?" என்றார். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பி, "அண்ணே, ஏழு மணிக்கு நாங்க முடிச்சுக்கிறோம், எட்டரைக்கு மேல மாடி உங்களுக்கு" என்றார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "முடிக்கிறதா, ஆரம்பிக்கிறதா சார்?" என்று கேட்க, "ஆரம்பிக்கிறதுதான்ணே" என்று திருத்திக்கொண்டார். நான் தயாரித்து வைத்திருந்த மூன்று மாற்றுத் திட்டங்களை யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளை எழுப்புவது லேசுப்பட்ட காரியமா? ஒன்பது ஆறாகிவிட்டது. சண்டைக்கார நாடுகள் மாதிரி இரண்டு வகுப்பையும் நான்தான் பிரித்து வைத்திருந்தேன் போல. அந்த ஆறில் இரண்டு பேர் எட்டரைக்குக் கம்போடு மாடிக்குப் போகிறவர்கள். சரியாகக் கழுவாத கையில் இருக்கும் பெயிண்ட் கம்பில் ஒட்டிவிடுகிறது. "யார்ரா இது, கம்புல மஞ்சளைப் பூசினது?" என்று மேலிருந்து மாஸ்டரின் சத்தம் கீழே பால் கடைவரை கேட்கும். சார் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "மஞ்சள் இல்லண்ணே, காவி" என்பார்.