குதிரையா, திரிசூலமா?

மோடெனா என்ற பெயரைச் சொன்னால் சாப்பாட்டுப் பிரியர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, மரப் பீப்பாய்களில் பன்னிரண்டு வருஷத்துக்குக் குறையாமல் ஊறவைத்து எடுக்கும் கறுப்புக் காடி அந்த ஊர்ச் சரக்கு. சங்கீதப் பிரியர்களுக்கோ பாவரோட்டியின் ஞாபகம் வரும். 1935இல் அவர் பிறந்தது அங்கேதான். ஆனால் மோட்டார்ப் பைத்தியம் பிடித்த ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்! காடியும் வேண்டாம், கச்சேரியும் வேண்டாம், கார் எங்கே என்றுதான் கேட்பார்.

கேட்பதில் நியாயம் உண்டு. இத்தாலியின் வடக்கே, போ நதியின் சமவெளியில், கி.மு. 187இல் ரோமானியர் போட்ட சாலை ஒன்று கோடு கிழித்தாற்போல் ஓடுகிறது. எமிலியா சாலை என்று பெயர். அந்தச் சாலையில் மோடெனாவும் பொலோஞ்ஞாவும் சுமார் 40 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. இந்த இரண்டு ஊர்களையும் சுற்றித்தான் பெராரி, மாஸெராட்டி, லம்போர்கினி, பகானி ஆகிய நான்கு கார்களும் பிறக்கின்றன. சக்கரவர்த்திகளும் சினிமா நட்சத்திரங்களும் வாங்கிய வண்டிகள், தக்காளித் தோட்டத்துக்கும் பன்றிப் பண்ணைக்கும் நடுவில் தயாராகின்றன என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

நான் அங்கே போனது என் நண்பர் ஒருவர் வீட்டுக்கு. அவருக்கு உத்தியோகம் பொலோஞ்ஞாவில், குடியிருப்பு மோடெனாவில். பன்னிரண்டு வருஷமாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். எதற்கு? பழைய பெராரி ஒன்று வாங்குவதற்கு. அதுவும் ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைத்து அழகு பார்ப்பதற்கல்ல. தினமும் ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போவதற்கு!

அவருடைய மனைவி தடை சொல்லவில்லை. நிபந்தனை ஒன்றுதான் போட்டார்.

"வாங்குகிற பணம் நீங்கள் சேர்த்தது. அதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். ஆனால் ரிப்பேருக்கு என்று வீட்டுப் பணத்தில் ஒரு யூரோ தொடக்கூடாது. அப்புறம், நாம் மூன்று பேர் இருக்கிறோம். அந்த வண்டியில் இரண்டு இருக்கை. யாரை வீட்டில் விட்டுவிட்டுப் போவீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்."

எட்டு வயதுப் பெண் என்னைப் பார்த்து, "மாமா, நான்தான் முன்னால் உட்காருவேன்" என்றாள். அம்மாவின் பாடுதான் திண்டாட்டம்.

சனிக்கிழமை காலையில் மாரனெல்லோவுக்குக் கிளம்பினோம். மோடெனாவிலிருந்து தெற்கே 18 கிலோமீட்டர். சமவெளி முடிந்து குன்றுகள் தலை காட்டுகிற இடம். என்ஸோ பெராரி 1943இல் தம் தொழிற்சாலையை இங்கே கொண்டு வந்தார். அவர் பெயரைத் தாங்கிய முதல் கார் 1947இல் இந்த வாசலைத் தாண்டி வெளியே வந்தது. வாசலுக்கு எதிரே 'காவல்லீனோ' என்ற ஹோட்டல். காவல்லீனோ என்றால் குட்டிக் குதிரை. 1988இல் காலமாகும் வரை பெரியவர் சாப்பாட்டுக்கு அங்கே வருவது வழக்கமாம்.

ஊர் முழுவதும் குதிரைதான். கடைப் பலகையில் குதிரை, தொப்பியில் குதிரை, காப்பிக் கோப்பையில் குதிரை. அந்தக் குதிரைக்கு ஒரு சோகக் கதை உண்டு. பிரான்செஸ்கோ பராக்கா என்ற இத்தாலிய விமான வீரர் தம் விமானத்தில் அதை எழுதி வைத்திருந்தார். 1918இல் அவர் போரில் மாண்டார். 1923இல் ஒரு பந்தயத்தில் வென்ற இளைஞர் பெராரியைச் சந்தித்த பராக்காவின் தாயார், "என் மகனுடைய குதிரையை உன் வண்டியில் வைத்துக்கொள், அதிர்ஷ்டம் வரும்" என்று சொன்னாராம். மோடெனாவின் நிறமான மஞ்சளைப் பின்னால் பூசி, குதிரையை முன்னால் நிறுத்தினார் பெராரி. இன்றைக்கும் பந்தயத்தில் பெராரி ஜெயித்தால் மாரனெல்லோ மாதா கோயிலில் மணி அடிக்கிறார்கள்.

மியூசியத்தைச் சுற்றிப் பத்து நிமிஷம், அரை மணி என்று பெராரியை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. ஆசை தீர்ந்தால் போதும் என்பவர்களுக்கு இது மிகவும் மலிவான வைத்தியம். என் நண்பருக்கு அந்த வைத்தியம் பலிக்கிற கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது.

எங்களோடு வந்தவர் ஒரு கிழ மெக்கானிக். நண்பரின் பக்கத்து வீட்டுக்காரர். நாற்பது வருஷம் எஞ்சின்களோடு குடும்பம் நடத்தியவர். சொந்தத்துக்கு அவர் வைத்திருப்பது ஒரு பழைய பியட் பாண்டா!

முதலில் பார்த்தது ஒரு பெராரி 355. 1994 முதல் 1999 வரை செய்த மாடல். நண்பர் கல்லூரி நாட்களில் படமாகச் சுவரில் ஒட்டி வைத்திருந்தது இதைத்தானாம். அடடா, என்ன அழகு! சிவப்பு வர்ணத்தில் நம் முகம் தெரிந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஓடியது 19,000 கிலோமீட்டர்தான் என்று வியாபாரி பெருமையோடு சொன்னார். நண்பர் முகம் மலர்ந்தது. மெக்கானிக் முகம் சுருங்கியது.

அவர் காரின் அழகைப் பார்க்கவில்லை. தரையில் முழங்கால் போட்டு, டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கத்தைப் படித்தார். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். பதினான்கு வயதான டயர்! பள்ளம் புதிது போல் இருக்கிறது, ரப்பரோ கல்லாகியிருக்கிறது. பிறகு பின்னால் எஞ்சின் பக்கம் குனிந்து ரப்பர்க் குழாய்களை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இது ஓடின குதிரை அல்ல, நின்ற குதிரை" என்றார். நண்பர் எனக்குத் தமிழில் சொன்னார்.

நின்றால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். எல்லாம் கெடும். எண்ணெய் பட்டுக்கொண்டே இருந்தால்தான் ஸீல்கள் மெதுவாக இருக்கும். இல்லாவிட்டால் காய்ந்து கசியும். பெட்ரோல் டாங்கிலேயே பழசாகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். பாட்டரி செத்துப் போகும். இதையெல்லாம்விடப் பெரியது, எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் ரப்பர் பெல்ட். அதன் ஆயுளைக் கிலோமீட்டரால் மட்டும் கணக்கிட முடியாது. வருஷத்தாலும் கணக்கிட வேண்டும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் எஞ்சினுக்குக் கருமாதிதான். அந்த 355 மாடலில் பெல்டை மாற்ற எஞ்சினையே அடியோடு வெளியே இறக்க வேண்டும். பெல்ட் விலை அற்பம். இறக்கி ஏற்றுகிற கூலிதான் ஆளை விழுங்கும்.

கிழவர் வியாபாரியிடம் கேட்டது ஒரே கேள்வி: "பெல்ட் மாற்றிய ரசீது எங்கே?" வியாபாரி ஏதோ ஒரு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் வெளியே வந்தோம்.

அடுத்தது 360 மோடெனா. ஊர்ப் பெயரையே காருக்கு வைத்திருக்கிறார்கள். 1999இல் வந்தது, அலுமினிய உடம்பு, 400 குதிரைச் சக்தி. இதில் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பலகையைக் கழற்றினால் பெல்ட் கைக்கு எட்டும். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. 2004இல் வந்த அடுத்த மாடலான 430இல் பெல்டுக்குப் பதில் செயின் வைத்து அந்தத் தலைவலியையே ஒழித்துவிட்டார்கள். ஆனால் அதன் விலை நண்பரின் கைக்கு எட்டவில்லை.

நாங்கள் பார்த்த 360 2002ஆம் வருஷத்தியது. 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ரசீதுகளும் இருந்தன. சக்தி மிகுந்த கார்களுக்கு இத்தாலி அரசாங்கம் தனி வரி ஒன்று போட்டது. 2012 விதிப்படி 185 கிலோவாட்டுக்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 20 யூரோ. கார் கிழமாக ஆக வரி குறையும். இருபது வயதானால் அறவே இல்லை. 570 குதிரைச் சக்தி கொண்ட 458 மாடலைப் புதிதாக வைத்திருப்பவருக்கு இது வருஷத்துக்கு 4,680 யூரோ. இந்த 360க்குப் பூஜ்யம்! நண்பர் பரபரத்தார்.

மெக்கானிக் மறுபடியும் குறுக்கிட்டார். இந்தக் காரில் கிளட்ச் மிதி கிடையாது. ஸ்டீயரிங் பக்கத்திலுள்ள துடுப்பைத் தட்டினால் யந்திரமே கிளட்சை அழுத்திக் கியர் மாற்றும். திறந்த ரோட்டில் பிரமாதம். ஊருக்குள் ஊர்ந்து போகும்போதும், கார் நிறுத்துகையில் முன்னும் பின்னும் நகர்த்தும்போதும் கிளட்ச் உரசித் தேயும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கருவி வைத்துச் சதவீதமாகவே படிக்கலாம். படித்தார்கள். 68 சதவீதம் போய்விட்டது. தினம் காலையில் லாரிகளுக்குப் பின்னால் பொலோஞ்ஞாவுக்கு ஊர்ந்தால் மிச்சம் எத்தனை நாள் வரும்?

நண்பரின் மனைவி அதுவரை ஒன்றும் பேசவில்லை. கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தார். காரின் மூக்குக்கும் தரைக்கும் நடுவே அளந்தார். அவர்கள் வீட்டுக் கார் ஷெட் நிலவறையில் இருக்கிறது. செங்குத்தான சரிவில் இறங்க வேண்டும். முந்தின இரவே அந்தச் சரிவை அளந்து காகிதத்தில் குறித்து வைத்திருந்தார்!

"மூக்கு இடிக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

லம்போர்கினி பார்க்கலாமே என்றேன். டிராக்டர் செய்துகொண்டிருந்த பெருச்சியோ லம்போர்கினி, தம் பெராரியின் கிளட்சைப் பற்றிக் குறை சொல்லப் போய், பெரியவர் அலட்சியமாகப் பேசியதால் ரோஷப்பட்டு 1963இல் தாமே கார் செய்யத் தொடங்கினார் என்பது ஊரறிந்த கதை. அந்தக் கம்பெனி 1998இல் ஜெர்மன் ஆடியின் கைக்குப் போன பிறகு வந்த கல்லார்டோ, உழைப்புக்குப் பேர் போனது. அதன் எலும்புக்கூட்டைப் பங்கு போட்டுக்கொண்ட ஆடி ஆர்-8, தினசரி ஓட்ட இன்னும் சுகம். ஜப்பானியர் 1990இல் செய்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸும் அப்படியே. நண்பர் காதில் இதெல்லாம் ஏறவில்லை. "ஜெர்மன் காரை மோடெனாவில் நிறுத்திவிட்டு அண்டை வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது?" என்றார். எல்லாவற்றிலும் இரண்டே இருக்கை என்பதும் இருக்கிறதே!

மறுநாள் மாலை பொலோஞ்ஞாவுக்குப் போயிருந்தோம். பெரிய சதுக்கத்துக்குப் பக்கத்தில் கடல் தேவன் நெப்டியூனின் வெண்கலச் சிலை நிற்கிறது. கையில் திரிசூலம். பொலோஞ்ஞாவில் 1914இல் தொழில் தொடங்கிய மாஸெராட்டி சகோதரர்கள் அந்தச் சூலத்தைத்தான் தங்கள் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு கம்பெனி கைமாறி மோடெனாவுக்கு வந்தது. 1957இல் பாஞ்சியோ மாஸெராட்டியில்தான் உலகப் பட்டம் வென்றார். ஒரே ஊரில் இரண்டு கம்பெனி. பங்காளிக் காய்ச்சலுக்குக் கேட்பானேன்?

சிலையைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் திடீரென்று, "உனக்கு வேண்டியது குதிரையின் படமா, குதிரையின் இருதயமா?" என்று நண்பரைக் கேட்டார்.

விஷயம் இதுதான். 2007இல் வந்த மாஸெராட்டி கிரான் டூரிஸ்மோவை மோடெனா நகருக்குள்ளேயே செய்தார்கள். அதன் எட்டு சிலிண்டர் எஞ்சின் மாரனெல்லோவில், பெராரி தொழிற்சாலையில் தயாரானது! 405 குதிரைச் சக்தி. பெல்ட் இல்லை, செயின். சாதாரண ஆட்டோமாடிக் கியர், ஆகையால் ஊர்ந்து போனாலும் கிளட்ச் தேயும் கவலை இல்லை. பெரியவர்கள் உட்காரக்கூடிய இருக்கை நான்கு. 2019இல் உற்பத்தியை நிறுத்தும் வரை அதைப் பெராரி என்று யாரும் மயங்கவில்லை; ஆகையால் பழைய வண்டியின் விலையும் அந்த மயக்கத்தில் ஏறவில்லை.

2008ஆம் வருஷத்து நீல வண்டி ஒன்று கிடைத்தது. 96,000 கிலோமீட்டர். நண்பர் அந்த எண்ணைக் கேட்டு முகம் சுளித்தார். மெக்கானிக்கோ ரசீதுக் கட்டைக் கையில் எடுத்து எடை போடுவது போல் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். வருஷா வருஷம் எண்ணெய், இரண்டு தடவை பிரேக், சஸ்பென்ஷன் புஷ்கள், எல்லாவற்றுக்கும் தேதியும் கிலோமீட்டரும் இருந்தன. அரசாங்கப் பரிசோதனைத் தாள்களில் எழுதியிருந்த கணக்கும் ஒத்துப்போயிற்று.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வருவோம், அதற்கு முன் ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தோம். குளிர்ந்த எஞ்சின் முதல் சில விநாடிகளில்தான் உண்மை பேசும். சூடாக்கி வைத்து விற்பவனைச் சந்தேகிக்க வேண்டும் என்பது கிழவரின் கட்சி. காலையில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்றிருந்தது. சாவியைத் திருப்பினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். கடகடப்பு இல்லை. பிறகு காரைத் தூக்கி அடியில் பார்த்தார், சிலிண்டர்களில் காற்றை ஏற்றிக் கசிவு பார்த்தார். குறை இல்லாமலில்லை. முன் புஷ்கள் மறுபடியும் தேய்ந்திருந்தன. பொத்தான்களின் மேல்பூச்சு உருகிப் பிசின் போல் விரலில் ஒட்டியது. அந்தக் காலத்து இத்தாலிய வண்டிகளுக்கு இது பரம்பரை வியாதி. இரண்டையும் சொல்லி விலையைக் குறைத்தார்கள். தனி வரி வருஷத்துக்கு 339 யூரோ. இருபது வயதானதும் அதுவும் நின்றுவிடும்.

நண்பர் சேர்த்த பணத்தில் கால் பங்கு மிஞ்சியது. அதை மனைவி வாங்கி, 'காருக்கு' என்று தனிக் கணக்கில் போட்டார். டேப்பால் மூக்கையும் அளந்தார். தப்பியது, விரற்கடை தப்பியது!

திங்கட்கிழமை என் ரயில் பொலோஞ்ஞாவிலிருந்து. மூவரும் என்னை அந்தக் காரிலேயே கொண்டுவிட வந்தார்கள். எமிலியா சாலையில் காஸ்தெல்பிராங்கோவைத் தாண்டியதும் சமவெளி மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் பால் லாரி ஒன்று. வேகம் காட்டும் டயலில் முள் நாற்பதில் நின்றது. அப்படியே அரை மணி நேரம். உஷ்ணம் காட்டும் முள் அசையவில்லை, கியர் மாறுவது தெரியவில்லை. நண்பர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மெள்ளச் சீட்டி அடித்தார். திரும்பிப் பார்த்தேன். முன்னால்தான் உட்காருவேன் என்ற பெண், பின் இருக்கையில் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.