எங்கள் வீட்டு ஷா

வில்லியனூரில் எங்கள் வீட்டுப் பூனைக்கு ‘ஷா’ என்று பெயர். இப்பெயரைச் சூட்டிய பெருமை என் பாட்டனாரைச் சாரும். பிரெஞ்சு ஆட்சி நிலவிய நாளில் கொம்யூன் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் அவர். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. ஆயினும் அவர் நாவிலிருந்த பிரெஞ்சுச் சொற்கள் சில ஓய்வு பெற மறுத்துத் தொடர்ந்து பணியாற்றி வந்தன. அவற்றுள் ஒன்று இந்த ‘ஷா’. பிரெஞ்சில் அதற்குப் பூனை என்று பொருள்; பாரசீகத்திலோ மன்னர் என்று பொருள். பாட்டனார் முதற் பொருளில்தான் அழைத்தார். எங்கள் வீட்டில் வாழையடி வாழையாக வந்த பூனைகள் அனைத்தும் இரண்டாம் பொருளையே ஏற்றுக்கொண்டன. இப்போதைய ஷா பெண்பூனை. அதனால் அதன் அரசுரிமைக்குக் குறைவு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை.

ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சொசெக்கி 1905ஆம் ஆண்டிலேயே ஒரு பூனையின் வாயால் ஓர் ஆசிரியர் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தப் பூனைக்குப் பெயரில்லை. ஆனால் பேச்சு உண்டு. எங்கள் ஷாவுக்குப் பெயர் உண்டு, பேச்சில்லை. எனவே அது என்ன நினைக்கிறது என்பதை அதன் முகத்தைப் பார்த்து நானே எழுத வேண்டியிருக்கிறது. தவறிருப்பின் மறுப்புக் கடிதம் எழுத அதற்கு முழு உரிமை உண்டு.

ஷாவின் கருத்துப்படி இந்த வீடு அதனுடையது. நாங்கள் நால்வரும் பணியாளர்கள். என் தாயார் மூத்த பணியாளர். மடி தருவது அவர் வேலை. என் மனைவி சமையற்கட்டு அதிகாரி. கண்டிப்பானவர், கையூட்டு வாங்காதவர். என் மகள் விளையாட்டுத் துறை. நான் யாது பணி செய்கிறேன் என்பது ஷாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாள் முழுதும் ஒரு நாற்காலியைச் சூடாக்கி வைத்திருக்கிறேன். எழுந்ததும் அது அந்தச் சூட்டில் படுத்துக்கொள்கிறது. ஆகவே நாற்காலியைச் சூடாக்குவதே என் உத்தியோகம் என்று முடிவு செய்திருக்கக்கூடும். பணி ஓய்வு பெற்ற ஆசிரியனைப் பற்றி என் மனைவி கொண்டுள்ள கருத்தும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

விடியற்காலைப் பாங்கு ஒலிக்குமுன் வீட்டில் விழித்திருப்பது ஷா ஒன்றே. நான் உளூச் செய்யும்போது அருகில் அமர்ந்து தானும் முகம் கழுவும். நான் மூன்று முறை கழுவினால் அது முப்பது முறை நக்கித் துடைக்கும். ‘இவ்வளவு அவசரமாகவா சுத்தம் செய்வது?’ என்பது போல் ஒரு பார்வை. பின்னர் முசல்லாவை விரித்தால், ஸுஜூது செய்யும் இடம் பார்த்துப் படுத்துக்கொள்ளும்.

ரமலான் மாதம்தான் அதற்குப் பெருமகிழ்ச்சி தரும் மாதம். ஆண்டில் பதினொரு மாதங்கள் நள்ளிரவுக்குப்பின் சமையலறை இருண்டு கிடக்கிறது. பகல் வெளிச்சத்தில் உண்கிறார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் பகலில் வாய் மூடி, ஸஹர் நேரத்தில் விளக்கேற்றி உண்கிறார்கள். பல காலம் பொறுமையாகப் பயிற்றுவித்ததன் பயனாக மனிதருக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஷா மகிழ்கிறது. பெருநாள் பிறந்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிடுவதே அதற்குப் புரியாத புதிர்.

பெருநாளன்று என் மகள் சேமியாப் பாயசத்தைக் கிண்ணத்தில் வைத்தாள். ஷா முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தது. “நன்றி கெட்டது” என்றாள் என் மனைவி. நான் குறுக்கிட்டு, பூனைகளுக்கு இனிப்புச் சுவையே தெரியாது, அச்சுவையை உணர்வதற்கான மரபணு அவற்றிடம் செயலற்றுக் கிடப்பதை 2005இல் அறிவியலார் கண்டறிந்துள்ளனர் என்று விளக்கினேன். “அதே கிண்ணத்தில் சங்கரா மீன் வைத்தால் எந்த மரபணு வேலை செய்யும்?” என்று கேட்டாள் அவள். அறிவியல் அத்துடன் அடங்கிற்று.

இந்த மீனால்தான் வினை விளைந்தது.

முன்னாளில் பாகூர்ப் பக்கத்து வயல்களிலிருந்து எங்கள் வீட்டுக்கு நெல் வண்டியில் வந்து இறங்கும். புதுவையின் நெற்களஞ்சியம் அன்றோ அது! புழக்கடை அறையில் குதிர் நிறைந்திருக்கும்; எலியும் இருக்கும்; எனவே பூனைக்கு நிலையான உத்தியோகம் இருந்தது. மனிதன் தானியத்தைச் சேமித்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. உறவின் தொடக்கம் இதுவே என்பர். சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மனிதனுக்கருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004இல் உலகுக்கு அறிவித்தனர். அத்துணைப் பழைய ஒப்பந்தம். ஆனால் எங்கள் வீட்டில் குதிர் போய்விட்டது. அரிசி இருபத்தைந்து கிலோப் பையில் கடையிலிருந்து வருகிறது. எலி இல்லை. உத்தியோகம் போன பின்னும் ஊதியம் பெறுகிறது ஷா என்பது என் மனைவியின் முதற் குற்றச்சாட்டு.

2024 ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், விருந்தினருக்காகப் பொரித்து வைத்த மீனில் மூன்று துண்டுகள் மறைந்தன. அம்மாதத்தில் அது நான்காவது முறை. விசாரணை சுருக்கமாக முடிந்தது. தண்டனை: நாடு கடத்தல். நிறைவேற்றுபவன்: நான்.

அன்று மாலை ஷாவைக் கோணிப்பையில் இட்டு, வாயைத் தளரக் கட்டி, ஸ்கூட்டரில் வைத்துச் சங்கராபரணி ஆற்றுப் பாலத்தைக் கடந்தேன். அப்பால் ஒரு சாலையோர உணவுக்கடையின் பின்புறத்தில் அவிழ்த்து விட்டேன். ‘இங்கே எலும்பும் முள்ளும் கிடைக்கும், பட்டினி கிடக்காது’ என்று எனக்கு நானே நீதி சொல்லிக்கொண்டேன். ஷா பையிலிருந்து வெளியே வந்து ஒரு முறை என்னைப் பார்த்தது. அதன் முகத்தைப் பார்த்து எதையும் எழுதிவிடலாம் என்று மேலே சொன்னேன். அன்று நான் அதைப் பார்க்கவில்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டேன்.

இரவு பத்து மணி இருக்கும். புழக்கடை அறையிலிருந்து நூலிழை போன்ற ஓர் ஒலி. என் மனைவிதான் முதலில் கேட்டாள். விளக்கைப் போட்டுத் தேடினோம். நான் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்துள்ள பழைய மாத இதழ்களின் அட்டைப்பெட்டிக்குள், கண் திறவாத மூன்று குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நெளிந்தன. பிறந்து நான்கைந்து நாள்தான் இருக்கும். மீன் மறைந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கிற்று. உண்டது ஒரு வயிறன்று, நான்கு.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஓசை கேட்டு எழுந்து வந்த என் தாயார் பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பால் குடிக்கிற புள்ளைங்ககிட்டேருந்து தாயைப் பிரிச்சுட்டு வந்து நிக்கிறியே, இஷாவுக்கு எப்படிப்பா தக்பீர் கட்டினே?”

பூனையைக் கட்டிப்போட்டு உணவளிக்காமலும், தானே தேடி உண்ண விடாமலும் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தியைச் சிறுவயதில் எனக்குச் சொன்னவரே அவர்தாம். அதை அன்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் சுட்டது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னங்க, இப்பவே போய்க் கூட்டிட்டு வந்துடுங்க” என்றாள். ‘கொண்டு வாருங்கள்’ என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

கைவிளக்குடன் புறப்பட்டேன். உணவுக்கடை மூடியிருந்தது. “ஷா! ஷா!” என்று இருட்டை நோக்கிக் கூவினேன். கடைக் காவலர் எழுந்து வந்து, “யாரைத் தேடுறீங்க ஐயா?” என்றார்.

“ஷாவை.”

“சொந்தக்காரரா?”

“எங்க வீட்டிலே இருக்கிறவங்க” என்றேன். வேறு என்ன சொல்வது? “கோவிச்சுக்கிட்டு வந்துட்டாரா?” என்று அவர் இரக்கத்துடன் கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை.

ஒரு மணி நேரம் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். பாலத்தின் நடுவே வந்தபோது வண்டியின் விளக்கொளியில் இரு பச்சைக் கண்கள் மின்னின. கைப்பிடிச் சுவரை ஒட்டி, வில்லியனூர்த் திசையில் ஷா நடந்துகொண்டிருந்தது. லாரிகள் அதிர்ந்து கடக்கும்போதெல்லாம் சுவரோடு ஒண்டும், மீண்டும் நடக்கும். அதற்கு யாரும் வழி சொல்லவில்லை. நான் வண்டியை நிறுத்திக் கோணிப்பையை விரித்தேன். அது பையைப் பார்த்தது, விலகி நடந்தது. நியாயம்தானே? அதன் பின்னே வண்டியைத் தள்ளிக்கொண்டு நானும் நடந்தேன். மன்னர் முன்னே, பணியாள் பின்னே. வீட்டை அடைந்ததும் மதிலேறிக் குதித்து, திறந்திருந்த சன்னல் வழியாகப் பெட்டிக்குள் இறங்கியது. குட்டிகளின் ஒலி அடங்கியது.

அபூகத்தாதா (ரலி) அவர்கள் உளூவுக்காக வைத்திருந்த நீரை ஒரு பூனை நாடி வந்தபோது, அது குடிப்பதற்கு வசதியாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகள் கப்ஷாவிடம், பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருவோருள் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். இச்செய்தியை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதில் நீரின் தூய்மை பற்றிய சட்டத்தையே கண்டேன். ‘சுற்றி வருவோர்’ என்ற சொல்லின் பொருள் அந்தப் பாலத்தின்மீது நடந்தபோதுதான் எனக்கு எட்டிற்று. நாம் வளர்ப்பது என்கிறோம். அது நம்மோடு வாழ்வது. வீட்டில் இருக்கத் தகுதி எலி பிடிப்பது மட்டுமே என்றால், பல் போன முதியோரும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் எங்கே போவது? கோணிப்பை பெரியதாக வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வாண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. வயல்களெல்லாம் ஏரியாயின. வளை இழந்த எலிகள் மேட்டு நிலம் தேடி வீடுகளுக்குள் புகுந்தன. எங்கள் வீட்டிற்கும் வந்தன. அன்று என் மனைவி தட்டில் மீனை வைத்துக்கொண்டு, “ஷா, வாங்க!” என்று அழைத்ததை என் காதால் கேட்டேன். ஆனைக்கொரு காலம், பூனைக்கொரு காலம்! ஷா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் மூடிக்கொண்டது. இரவானதும் தானே எழுந்து தன் வேலையைப் பார்த்தது. மறுநாள் காலை மூன்று எலிகள் சமையற்கட்டு வாயிலில் வரிசையாகக் கிடந்தன. மறைந்த மீன் துண்டுகளும் மூன்று. கணக்கு நேராயிற்று என்கிறாள் என் மகள்.

குட்டிகளில் இரண்டு இப்போது பாகூரில் ஒரு விவசாய நண்பர் வீட்டில் நெல் மூட்டைகளுக்குக் காவல் இருக்கின்றன. அந்தக் குடும்பத்தில் குலத்தொழில் தொடர்கிறது. மூன்றாவது எங்களிடமே தங்கிவிட்டது. அன்றைய கோணிப்பையை என் தாயார் எங்கோ எடுத்து வைத்துவிட்டார், கேட்டால் சொல்வதில்லை.

இக்கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எழுத வேண்டிய தாளின்மேல் ஷா படுத்துறங்குகிறது. எழுப்ப மனமில்லை. இடமிருந்த ஓரத்தில் இவ்வளவுதான் எழுத முடிந்தது.