தாளில் இல்லாத புள்ளிகள்

கூடைப்பந்து ஆட்டத்தில் மேசைக்குப் பின்னால் ஒருத்தர் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுவார். பந்து கூடையில் விழ விழ, போட்டவளின் சட்டை நம்பரைப் புள்ளி வரிசைக்குப் பக்கத்தில் குறிப்பார். ஒருத்தி எத்தனை புள்ளி எடுத்தாள் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. தாள் போனால் அவளும் போனாள்.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மாணவி கெய்ட்லின் கிளார்க் 3,527 புள்ளிகளைத் தாண்டினார். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் புதிய சாதனை என்று கொண்டாடினார்கள். கிளார்க் பெரிய ஆட்டக்காரிதான், சந்தேகமில்லை. ஆனால் 1977 முதல் 1981 வரை கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய லினெட் உட்டார்ட் 3,649 எடுத்திருந்தார். தென் கரோலினாவின் பேர்ல் மூர் 1975-79இல் எடுத்தது 4,061. இருவரும் கறுப்பினப் பெண்கள். கிளார்க் உட்டார்டைத் தாண்டி 3,951இல் முடித்தார், மூரைத் தொடவில்லை.

அப்புறம் ஏன் இவர்கள் கணக்கில் வரவில்லை? அந்தக் காலத்தில் பெண்கள் ஆட்டத்தை நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ என்ற பெண்கள் அமைப்பு. ஆண்கள் ஆட்டத்தை நடத்திவந்த என்.சி.ஏ.ஏ 1981-82இல் பெண்கள் போட்டிகளையும் எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்துதான் கணக்கைத் தொடங்கியது. முன்னால் ஆடியதெல்லாம் செல்லாக்காசு. மூர் ஆடியது சின்னக் கல்லூரிக்கு என்பது இன்னொரு சாக்கு. இத்தனைக்கும் அப்போது மூன்று புள்ளி வீச்சே கிடையாது. கல்லூரிப் பெண்களுக்கு அது 1987-88இல்தான் வந்தது. அவருடையதெல்லாம் ரெண்டு ரெண்டாகவும் ஒண்ணு ஒண்ணாகவும் சேர்த்த புள்ளி. கல்லூரி ஆட்டம் முடிந்து 42 வருசம் கழித்து, 2021இல்தான் நெய்ஸ்மித் புகழ்மன்றத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

எங்க பெரியப்பா மகளும் பந்து போட்டவள். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைச் சேரியிலிருந்து காவிரிப் பாலம் தாண்டித் திருச்சியில் கல்லூரிக்குப் போன மொத ரெண்டு பொண்ணுங்க நாங்கதான். அக்காவுக்கு உயரம் காசில்லாமக் கெடைச்சது, ஷூ கெடைக்கல. யாரோ போட்டுக் கழிச்ச ஷூவுக்குள்ள துணியைத் திணிச்சுக்கிட்டு மூணு வருசம் ஆடினா. எத்தனை புள்ளி எடுத்தாள்? பின்னாளில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டாச்சும்மா" என்றார்கள். கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் இருந்தன. கோப்பையில் கல்லூரி பேரும் வருசமும். சுவரில் தாளாளர் படம். அக்கா பேரு எங்கயும் இல்ல.

எங்க ஊர் ரங்கநாதர் கோயில் மதிலெல்லாம் கல்வெட்டு. நிலம் கொடுத்தவர், பொன் கொடுத்தவர் பேரு இருக்கு. கல்லு சொமந்தவ பேரை எவன் வெட்டுவான்?

எழுதியதையும் அழிப்பார்கள். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளிகளுக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன், நம்ம பொண்ணு. 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். ஓடின ஓட்டம் இல்லன்னு ஆயிடுமா?

தோழர்களே, அவங்க எழுதுவாங்கன்னு காத்திருக்க வேண்டாம். கல்லூரிகளில் ஆடுகிற நம் பிள்ளைகளின் ஸ்கோர் ஷீட்டை அன்றைக்கே நகல் எடுங்கள். பேரு, தேதி, எதிரணி, புள்ளி என்று கோடு போட்ட ஒரு நோட்டு போதும். பழைய ஆட்டக்காரிகளின் சான்றிதழும் போட்டோவும் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும். கேட்டு வாங்கிப் பதியுங்கள். மூரின் 4,061 இன்றைக்கு நமக்குத் தெரிகிறது என்றால், யாரோ ஒருத்தர் அந்தத் தாள்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததுதான் காரணம்.