குறியும் வெள்ளெழுத்தும்

நாற்பதைக் கடந்தவர்களுக்கு வரும் கிட்டப்பொருள் மங்கலுக்குத் தமிழ் ‘வெள்ளெழுத்து’ என்று பெயரிட்டிருக்கிறது. எழுத்து வெளுத்துத் தாளோடு கலந்துபோவதாகத் தோன்றும் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. கண்ணின் வில்லை நெகிழ்ச்சி இழந்து இறுகுவதே இதற்குக் காரணம். இளமையில் அந்த வில்லை அருகுக்கும் தொலைவுக்கும் கணத்தில் மாறிக் கொடுக்கும். வயதேற ஏற அருகே குவியும் ஆற்றலை இழக்கிறது. நமக்கு இது நாற்பத்து மூன்றாம் வயதில் வந்தது. இரண்டு கண்ணாடிகளோடு வகுப்புக்குச் செல்லும் ஆசிரியராக ஆனோம். இதனால் இழப்பு ஏதுமில்லை. சிறிது கேலிக்கு ஆளானோம், அவ்வளவுதான்.

ஆனால் இதே மங்கல் வேறொருவர் கையில் வேறொரு பொருள் கொள்வதைப் பென்சில்வேனியாவில் தம்பியின் வீட்டில் தங்கியிருந்த ஓர் இலையுதிர் காலத்தில் அறிந்துகொண்டோம்.

வேட்டை நமக்கு உவப்பானதன்று. கொல்லாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த நூலைப் பாடம் நடத்துபவர் நாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வளர்ந்த தலைமுறையும்கூட. நமது வேட்டை அறிவெல்லாம் ஜிம் கார்பெட்டின் பக்கங்களிலும் சங்கப் பாடல்களிலும் அடங்கும். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடுவதை ஆண்டுதோறும் விளக்குகிறோம். வில்லின் வலிமையைச் சொல்வோம், தோளின் வலிமையைச் சொல்வோம். ஓரியின் கண்ணைப் பற்றி இதுவரை எந்த மாணவரும் கேட்டதில்லை.

பென்சில்வேனியாவில் ரைஃபிள் கொண்டு மான் வேட்டையாடும் பருவம் ஒரு திருவிழாவைப் போன்றது. நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமையே அதன் முதல் நாளாகப் பல பத்தாண்டுகள் இருந்தது. அன்று பல பள்ளிகளுக்கு விடுமுறை. 2019இல் அந்த நாள் சனிக்கிழமைக்கு மாறியது. தம்பியின் அண்டைவீட்டுக்காரர் எழுபத்து நான்கு வயதினர், ஓய்வுபெற்ற தச்சர். அந்தத் திங்கட்கிழமைகளைக் கொண்டே தம் வாழ்நாளை எண்ணுபவர். அவரிடம் தந்தை விட்டுச்சென்ற ஒரு ரைஃபிள் இருந்தது: சாவேஜ் 99, 1930களில் நியூயார்க் மாநிலத்து யூட்டிகா நகரில் செய்யப்பட்டது.

அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். ஆர்தர் சாவேஜ் வடிவமைத்து 1899இல் வெளிவந்த வகை அது. விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். வின்செஸ்டர் 94 போன்ற பிற நெம்புகோல் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலின் அடியிலுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் முனை முன்னதன் அடியைத் தொடுமாதலால் கூர்முனைக் குண்டுகள் அங்கே ஆபத்து. சாவேஜ் சுழலும் உருளை ஒன்றில் தோட்டாக்களை அடுக்கினார். கூர்முனைக்கு இடம் கிடைத்தது, குண்டு தொலைவுக்கும் விசை குன்றாமல் சென்றது. இடப்பக்கத்தில் ஒரு சிறு துளையின் வழியே எஞ்சிய தோட்டாக்களின் எண்ணிக்கை தெரியும். பெரியவர் அதை நமக்குக் காட்டியபோது அவர் முகத்தில் தந்தையின் பெருமிதமும் சேர்ந்து தெரிந்தது.

இடர் துப்பாக்கியில் இல்லை, கண்ணில் இருந்தது. இரும்புக் குறிகாட்டி என்பது இரண்டு உறுப்புகள்: கண்ணுக்கு அருகே குழலின் மேல் ஒரு பள்ளம், குழல் முனையில் ஒரு குமிழ். பள்ளத்தின் நடுவே குமிழையும் குமிழின் மேல் இலக்கையும் நிறுத்த வேண்டும். ஆக, மூன்று வேறு தொலைவுகளில் உள்ள மூன்று பொருள்களைக் கண் ஒரே நேரத்தில் காண வேண்டியிருக்கிறது. எந்தக் கண்ணாலும் அது இயலாது. பள்ளம் மங்கினாலும் இலக்குச் சற்று மங்கினாலும் குமிழ் தெளிவாக இருக்கட்டும் என்பது மரபான பயிற்சி. ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவிலுள்ள அந்தக் குமிழைத்தான் முதிய கண் இழக்கிறது. படிக்கும் கண்ணாடி அணிந்தால் குமிழ் தெளியும், மான் கரைந்துவிடும். கழற்றினால் மான் தெளியும், குமிழ் கரைந்துவிடும். போதாததற்கு, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அகலமுள்ள குமிழ் 100 கெஜத்தில் ஆறு அங்குல அகலத்தை மறைக்கும். மானின் உயிர்நிலை உள்ள பகுதியோ ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது.

முந்தைய பருவத்தில் அவர் ஒரு மானைச் சுட்டிருந்தார். குண்டு நெஞ்சில் படாமல் பின்னால் எங்கோ பட்டது. இருட்டும்வரை பனியில் குருதித் தடத்தைப் பின்தொடர்ந்தும் மான் கிடைக்கவில்லை. மறுநாள் பெய்த பனி தடத்தையும் மூடிவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. அந்த ஓராண்டும் துப்பாக்கியை அவர் தொடவில்லை என்று தம்பி பிறகு கூறினான்.

ஸ்கோப் எனப்படும் தொலைநோக்கிக் குறிகாட்டி இந்த இடரை எளிதில் தீர்க்கும். அதற்குள் குறுக்குக்கோடும் இலக்கின் பிம்பமும் ஒரே தளத்தில் விழுகின்றன; கண் ஒரே தொலைவைப் பார்த்தால் போதும். பின்முனை வளையத்தைத் திருகி அவரவர் கண்ணுக்கு ஏற்பத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பெரிதாக்கிக் காட்டுவதே ஸ்கோப்பின் சிறப்பு என்று நாம் எண்ணியிருந்தோம். முதிய கண்ணுக்கு அதைவிடப் பெரிய உதவி மூன்று தளங்களை ஒன்றாக்குவதே.

ஆனால் அந்தக் காலத்து சாவேஜில் ஸ்கோப்புக்கான துளைகள் இல்லை. துப்பாக்கியின் உடற்பகுதியில் நான்கு துளைகள் இட்டு உட்புரி வெட்ட வேண்டும். பதமேற்றிய இரும்பு துளைக்கருவியின் முனையை முறிக்கும். முன்துளைகள் ஆழம் மிகாதிருக்க வேண்டும், அடியில் தோட்டா அமரும் அறை இருக்கிறது. துளைகள் குழலின் அச்சிலிருந்து மயிரிழை விலகினாலும் ஸ்கோப் கோணலாக நிற்கும். இத்தனையும் சரியாக அமைந்தாலும், துளையிட்ட பழைய துப்பாக்கியைச் சேகரிப்பாளர்கள் பாதி மனத்தோடுதான் பார்ப்பார்கள், விலை வீழ்ந்துவிடும். அதைவிடப் பெரிய தயக்கம், அது தந்தையின் கைப்பொருள் என்பது.

மாற்று வழி இல்லாமலில்லை. பள்ளத்திற்குப் பதில் கண்ணுக்கு அருகே ஒரு சிறு வளையம் வைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உண்டு. சிறு துளை வழியே பார்த்தால் அருகும் தொலைவும் ஒருங்கே ஓரளவு தெளியும். கண்ணைச் சுருக்கிப் பலகையைப் படிக்கும் மாணவன் செய்வதும் இதையே. பெரியவர் நண்பர் ஒருவரின் துப்பாக்கியில் அதை முயன்று பார்த்தார். பட்டப்பகலில் நன்றாக இருந்தது. ஆனால் மான்கள் காட்டின் விளிம்புக்கு வருவது விடியலிலும் அந்தியிலும். அந்த மங்கிய ஒளியில் சிறு துளை இருண்டுபோயிற்று.

ஸ்கோப்புக்கு எதிராகவும் நியாயங்கள் உண்டு. 1939-40 குளிர்காலப் போரில் ஃபின்லாந்தின் சிமோ ஹாய்ஹா இரும்புக் குறிகாட்டியையே விரும்பினார்: கண்ணாடி உறைபனியில் மங்கும், வெயிலில் மின்னும், தலையைச் சற்று உயர்த்தவும் வைக்கும். வேட்டையிலும் மழை, பனி, அடர்ந்த புதரில் திடீரெனப் பாயும் விலங்கு என இவ்விடர்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட நம்மைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. இரும்புக் குறிகாட்டி ஒரு வரம்பு. தெளிவாகத் தெரியாததைச் சுடாதே என்று அது வேட்டைக்காரனை நெருங்கிச் செல்ல வைத்தது. ஸ்கோப் அந்த வரம்பை எடுத்துவிட்டு, கைக்கு எட்டாத தொலைவைக் கண்ணுக்கு எட்டவைக்கிறது. தெரிவதெல்லாம் சுடத்தக்கது என்ற மயக்கம் அங்கே பிறக்கிறது.

பெரியவர் இதை அறிந்திருந்தார். அவர் தேர்ந்தது இரண்டரை மடங்கு மட்டுமே பெரிதாக்கும் எளிய ஸ்கோப். துளையிட்டது ஊரின் துப்பாக்கிப் பணியாளர். பின்னர் குந்தாவின் மேல் தோல் பட்டை ஒன்றைக் கயிறிட்டுக் கட்டினார். ஸ்கோப் உயரத்தில் இருப்பதால் பழைய குந்தாவில் கன்னம் ஊன்றினால் கண் அதன் நேர்க்கோட்டுக்கு எட்டாது. சுடும்போது துப்பாக்கி பின்னுதைத்துப் புருவத்தைக் கிழிக்காதிருக்க, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்று நான்கு அங்குல இடைவெளி விட்டார். சுடுதளத்தில் 100 கெஜத்தில் இலக்குத் தாளை நிறுத்தி, ஒவ்வொரு சொடுக்குக்கும் ஏறத்தாழக் கால் அங்குலமாகக் குறியை நகர்த்தி, ஒரு பிற்பகல் முழுவதும் சரிசெய்தார். நாமும் உடன் நின்றோம். மூன்று குண்டுகள் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கியபோதும் அவர் மகிழ்ந்து கூவவில்லை. ‘முன்பு எவ்வளவு தொலைவில் சுடுவேனோ அதே தொலைவுதான் இனியும்’ என்று மட்டும் சொன்னார்.

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களை அப்போது நினைத்துக்கொண்டோம். சுவடியில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. சொற்களுக்கு இடையே இடைவெளி இராது. பதிப்பாசிரியர்கள் புள்ளியிட்டார்கள், சீர் பிரித்தார்கள், உரை சேர்த்தார்கள். அவர்கள் அவ்வாறு செய்யாதிருந்தால் நம் கண்ணுக்கு அந்நூல்கள் எட்டியிரா. ஒரு வேறுபாடு உண்டு: சுவடி தன் இயல்பு மாறாமல் நூலகத்தில் இருக்க, மாற்றமெல்லாம் அச்சுப்படியில் நிகழ்ந்தது. துப்பாக்கிக்குப் படி இல்லை. இட்ட துளை இட்டதுதான். எனவே பழம்பொருளை மாற்றத் தயங்குபவர்களை நாம் எள்ளத் துணியோம். எவரும் எடுத்துச் சுடப்போவதில்லை என்றால், அந்தத் துப்பாக்கி துளையின்றிக் கண்ணாடிப் பேழையில் இருப்பதே நன்று.

ஆனால் அது காட்டுக்குப் போகிறதென்றால் கணக்கு மாறுகிறது. அங்கே தந்தையின் நினைவும் சேகரிப்பாளரின் விலையும் மட்டுமன்றி, எதிரே நிற்கும் உயிரும் கணக்கில் சேர்கிறது. சுடாமல் இருப்பதே மேலென்பது நம் எண்ணம். அதை அவரிடமும் சொன்னோம், அவர் சிரித்துக்கொண்டார். சுடுவது என்று முடிவெடுத்த ஒருவர் தம் கண் மங்கியதை ஏற்றுக்கொண்டு அதற்கேற்பத் தம் கருவியை மாற்றுவது விலங்குக்கு அவர் செய்யும் கடமை என்பதையும் மறுக்க முடியவில்லை. இரும்பில் இட்ட நான்கு துளைகளை எண்ணி வருந்தலாம். பனியில் தொலைந்துபோன அந்த மானின் உடலில் இருந்த ஒரு துளை அவற்றினும் பெரிது.